கம்போடியாவுக்குப் போன கேம்ப் சரக்கு

என் பிள்ளைக்கு,

இதை நான் எழுதவே தேவையில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே கடையில் நிற்கிறோம், சாப்பாடு போடும்போது சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லாமல் வியாபாரிகள் சங்கத்து ஆண்டு மலரில் அச்சடிக்கக் கொடுக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. சங்கச் செயலாளர் வந்து, "அக்கா, நீங்க எப்படி முன்னுக்கு வந்தீங்கன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க, நம்ம வூட்டுப் பொண்ணுங்கல்லாம் படிக்கட்டும்" என்றார். நான் முன்னுக்கு வந்த கதை யாருக்கும் பிரயோஜனப்படாது. உன்னைப் பின்னுக்குத் தள்ளிய கதையை எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். உன் பெயர் கெட்டது நாலு பேர் நடுவில். அதை வீட்டுக்குள் வைத்துச் சரிசெய்ய முடியாது. செயலாளர் இதைப் போடத் தயங்கினால், விளம்பரப் பக்கம் ஒன்றை நானே விலைக்கு வாங்கி அதில் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு என்னைத் தெரியும், போடுவார்.

போன வாரம் உன் கல்யாணப் பத்திரிகையின் ப்ரூஃப் வந்தது. பெண்ணின் அப்பா எதிரில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். நீ சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, உன் பெயருக்குப் பின்னால் இருந்த பி.டி.எஸ்.ஸை ஒரே கோட்டில் அடித்தாய். "இன்னா மாப்ள, படிச்ச படிப்புதானே? இருந்துட்டுப் போவட்டுமே" என்றார் அவர். நீ தலை நிமிராமல், "படிச்சேன் மாமா. ஆனா அந்த வேல எனக்கு வராது" என்றாய். அவர் சிரித்து மழுப்பினார். பிஸ்கட் தட்டை நீட்டியபடி நின்றிருந்த நான் அதை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். உன்மேல் கோபத்தில் இல்லை. வராது என்று நீ சொன்னாயே, அந்த வார்த்தையை உன் வாயில் வைத்தவள் நான். மூன்று வருஷமாக அது அங்கேயே கிடக்கிறது, நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

நம் தொழில் எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது பம்மலில் ஒற்றை அறை வீடு. உன் அப்பா தோல் பதனிடும் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார், அந்த வாடை அவர் சட்டையோடு வீட்டுக்கு வரும். நான் கட்டுத்துணியைச் சுருள் சுருளாக வாங்கி, கட்டிலின் மேல் விரித்து, காயத்துக்கு வைக்கிற காஸ் துண்டாக வெட்டி, மடித்து, நூறு நூறாகக் கட்டி, பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி நர்சிங் ஹோம் நர்சிங் ஹோமாகப் போய் விற்றேன். அப்புறம்தான் தாம்பரத்தில் கடை, அதற்கு லைசென்ஸ், மாடியில் குடோன். நன்றாகத்தான் உழைத்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நூறு என்று எழுதிய கட்டுக்குள் தொண்ணூற்றைந்துதான் இருக்கும். அதுவும் உழைப்பில் சேர்ந்ததுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

உனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். குரோம்பேட்டையிலிருந்து ஒரு நர்ஸம்மா கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "எண்ணிப் பாத்தோம், அஞ்சு கொறையுது" என்று சண்டைக்கு நின்றார். நீ ஸ்கூல் பையை இறக்காமலே, "எங்க அம்மா எல்லாத்துலயும் அப்பிடித்தான் ஆன்ட்டி கட்டுவாங்க" என்றாய். உன் கன்னத்தில் ஓர் அறை விட்டேன். "இவன் எண்ணிக் கட்டுனதும்மா. இவனுக்குக் கணக்கே வராது, தப்பா எண்ணிட்டான்" என்று சொல்லி அந்த அம்மாவுக்கு வேறு கட்டு எடுத்துக் கொடுத்தேன். அந்த வருஷம் கணக்கில் நீ மார்க் குறைவாக வாங்கினாய். வாத்தியார் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "எனக்குக் கணக்கு வராது சார்" என்றாயாம். உன் அப்பா வந்து சொன்னபோது நான் சிரித்தேன். அது முதல் தடவை. இப்போது எழுத வந்திருப்பது இரண்டாவது தடவை.

நீ பல் டாக்டரானாய். பொழிச்சலூரில் ஒரு சின்ன க்ளினிக் வைத்தாய். இரண்டு வருஷத்தில் யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. உன் கையில் பல் பிடுங்கிக்கொண்டவர்கள், கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டே நம் கடைக்கு மாத்திரை வாங்க வந்து, "ஒண்ணுமே தெரியலம்மா, ஒம் புள்ள கை மெத்துன்னு கீது" என்பார்கள். அப்போதுதான் டாக்டர்கள் சிலர் சேர்ந்து கம்போடியாவுக்குப் போகிறார்கள் என்று நீ வந்து நின்றாய். நான் மேப்பில் தேடிப் பார்த்தேன். வருஷக்கணக்கில் சண்டை நடந்த தேசம், படித்தவர்களையெல்லாம் கொன்றுபோட்டார்கள், ஜில்லாவுக்கு ஒரு பல் டாக்டர்கூட மிஞ்சவில்லை, வயலில் கால் வைத்தால் கண்ணிவெடி என்று நீ சொன்னாய். "சம்பளம் இன்னா?" என்று கேட்டேன். "சம்பளம் இல்லம்மா" என்றாய். "சோறு போடுவானுங்களா, அதாவது உண்டா?" என்றேன். நீ கோபித்துக்கொள்ளாமல் சிரித்தாய். ஒரு மாதம் போய்விட்டு வரட்டும் என்று உன் அப்பா சொன்னார். சரி, மருந்து நம் கடையிலிருந்து போகட்டும் என்று நான் சொன்னேன். நீ என்னைக் கட்டிப்பிடித்தாய். வளர்ந்த பிறகு நீ அப்படிச் செய்தது அந்த ஒரு தடவைதான்.

இப்போது கேம்ப் சரக்கு என்றால் என்ன என்று இதைப் படிக்கிற வெளி ஆட்களுக்குச் சொல்லவேண்டும். தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அவர்கள் இந்நேரம் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். தேதி முடிய மூன்று நாலு மாதமே பாக்கி இருக்கும் மருந்தைக் காசு கொடுத்து யாரும் வாங்கமாட்டார்கள். கம்பெனியும் திருப்பி எடுக்காது. அதைத் தனியாக ஒரு பெட்டியில் போட்டு மாடியில் ஏற்றிவிடுவோம். இலவச மருத்துவ முகாம் நடக்கும், புயல் வரும், வெள்ளம் வரும், அப்போது எடுத்துக் கொடுப்போம். தேதி இருக்கிறது, சட்டம் ஒன்றும் சொல்லாது. கொடுத்தவனுக்குப் பொன்னாடை, வாங்கினவனுக்குக் கும்பிடு. அது வேலை செய்ததா இல்லையா என்று ஓசியில் வாங்கினவன் வந்து கேட்கவா போகிறான்? இதுதான் எங்கள் சாமர்த்தியம். இதைத்தான் நாங்கள் சேவை என்கிறோம். அந்த வார்த்தையை இப்போது கேட்டாலே எனக்கு வாய் கசக்கிறது.

உனக்குக் கட்டிய பெட்டியில் இருந்தது அதுதான், பல் பிடுங்குமுன் போடுகிற மரப்பு ஊசி மருந்து. நம் குடோன் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சித்திரை வெயில் முழுக்க அதன் அடியில் கிடந்தது. அந்த மருந்தில் இரண்டு சரக்கு கலந்திருக்கும். ஒன்று மரக்கவைக்கும், இன்னொன்று அதைக் கரைந்துபோகாமல் அங்கேயே பிடித்து நிறுத்தும். பிடித்து நிறுத்துகிறது எதுவோ அது சூடு தாங்காது. இது எனக்குத் தெரியும். கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிற ஏகாம்பரத்துக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பெட்டியை இறக்கும்போதே அவன் முனகினான்.

"யம்மா, இது மேல கெடந்து வெந்துபோன சரக்கும்மா. வாணாம். ஃப்ரிட்ஜில புதுசு கீது, அத்த எடுக்கட்டா?"

"புதுசு ஆர்டருக்கு வேணும்டா. தேதி கீதா இல்லியா?"

"தேதி கீது. மருந்துதான் கீதா இல்லியான்னு தெரியல."

"கேம்ப்புக்குத்தானே போவுது. கட்டு."

"தம்பி கையில போவுதும்மா," என்றான் அவன்.

கேட்டுக்கொள். அவன் அந்த வார்த்தையைச் சொன்னான். நான் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டேன். பாதி வேலை செய்தால்கூடப் போதும், அங்கே ஒன்றுமே இல்லாதவர்களுக்கு அதுவே பெரிது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதோடு விட்டேனா? மற்ற டாக்டர்கள் தங்கள் மருந்தைத் தாங்களே கொண்டுவருகிறார்கள் என்று தெரிந்ததும், "எங்க கடைச் சரக்கு எம் பையன் கையிலயே இருக்கட்டும் டாக்டர், அவன் பேர்ல போடுங்க" என்று உங்கள் குழுத் தலைவரிடம் பெருமையாகச் சொன்னேன். உன் பங்கு முழுவதும் வெந்த சரக்காகப் போனது அப்படித்தான்.

நீங்கள் புறப்படுமுன் கல்யாண மண்டபத்தில் உங்கள் குழுவுக்கும் எனக்கும் சங்கத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். எனக்குப் பொன்னாடை, ஓர் எவர்சில்வர் குத்துவிளக்கு. பக்கத்து நாற்காலியில் இருந்த மருந்துக் கடைக்காரர் என் காதருகே குனிந்து, "அக்கா, நம்மகிட்டயும் ரெண்டு பொட்டி கேம்ப் சரக்கு கீது, தம்பிகிட்ட அனுப்பிவுடேன். அங்க கீறவனுக்கு இங்கிலீஷ் தேதி படிக்கவா தெரியப்போவுது" என்றார். நான் சிரித்தேன். மேடையில் நீ பேசிக்கொண்டிருந்தாய். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் முகத்தைத் தோலோடு உரித்துப் போடலாம்போல் இருக்கிறது.

அப்புறம் அந்தப் போன். நீ போய் ஒரு வாரம் இருக்கும். காலை பதினொரு மணி, கடையில் கூட்டம். லைனில் உன் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "அம்மா, ஊசி போட்டா மரத்துப்போவுது. கொறடு வெச்சு ஆட்டறதுக்குள்ள தெளிஞ்சிடுது. ரத்தமும் நிக்கல. மருந்து லேசா மஞ்சளா தெரியுது. எங்க வெச்சிருந்தீங்க?"

"ஃப்ரிட்ஜிலதான்."

"மாடியில வெக்கலியே?"

என் எதிரில் இரண்டு நர்சிங் ஹோம்காரர்கள் ஆர்டர் சீட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் காது என் வாய்மேல் இருந்தது. "இன்னாடா பேசற? நம்ம சரக்கப் பத்தி எனக்குத் தெரியாதா? மருந்து நல்ல மருந்துதான். புதுப் புள்ள, பதட்டப்படற. நிதானமாப் போடு" என்றேன். "சரிம்மா" என்றாய். அவ்வளவுதான். உன் கண் மஞ்சள் என்று சொன்னது. உன் படிப்பு மருந்து கெட்டது என்று சொன்னது. அம்மா சொன்னதும் இரண்டையும் கீழே போட்டுவிட்டு என் பேச்சை எடுத்துக்கொண்டாய். ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன். வந்தவர்களில் ஒருவர், "பையன் ஃபாரின்ல இருந்தா பேசறாரு?" என்று கேட்டார். "ஆமா சார், சேவைக்குப் போயிருக்கான்" என்றேன்.

அங்கே நடந்ததை நீ என்னிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னாய், அவர் எனக்குச் சொன்னார். ஒரு பள்ளிக்கூடம், பாதிக் கூரைதான் இருந்ததாம். கண்ணிவெடிக்குப் பயந்து வண்டித்தடத்தை விட்டு இறங்காமல் ஒருவர் பின்னால் ஒருவராக நடந்து வந்தவர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கன்னம் வீங்கிய ஒரு பெண்ணுக்குக் கடைவாய்ப் பல்லை நீ பாதி அசைத்திருக்கும்போது மரப்பு தெளிந்துவிட்டது. அவள் கத்தவில்லையாம். உன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மேலும் ஊசி போட்டாய், அதுவும் நிற்கவில்லை. அப்படியே விடவும் முடியாது, பல் உடைந்திருந்தது. எடுத்து முடித்ததும் அவள் எழுந்து, ரத்தத்தைத் துப்பிவிட்டு, உன்னைப் பார்த்துக் கைகூப்பினாளாம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த வரிசை எழுந்தது. வந்த தடத்திலேயே, அழுகின பல்லோடு, திரும்பி நடந்துபோய்விட்டார்கள். அந்த ஜனங்கள் மறுபடி ஒரு டாக்டரிடம் வாயைத் திறந்திருப்பார்களா? அந்த வரிசையை என் கடையின் மாடியிலிருந்து நான் கலைத்துவிட்டேன். நீ போன் பேசிய மூன்றாம் நாள் உங்கள் தலைவர் உன்னை ஊசி போடவேண்டாம் என்று நிறுத்திவிட்டார். மிச்ச நாளெல்லாம் நீ மண்ணெண்ணெய் அடுப்பில் பிரஷர் குக்கர் வைத்து, மற்றவர்கள் பல் பிடுங்கிய குறடுகளை அவித்துக்கொண்டிருந்தாய்.

திரும்பி வந்தபின் தலைவர் நம் கடைக்கு வந்தார். நல்ல மனுஷன், மெதுவாகத்தான் சொன்னார். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பையன் நல்லவன். ஆனா ஊசி எடம் பாத்துப் போட அவனுக்குக் கை வரல. இன்னும் கொஞ்ச நாள் யார்கிட்டயாவது கத்துக்கட்டும்." நான் தலையாட்டினேன். மருந்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. பின்னால் ஏகாம்பரம் அலமாரியைத் துடைக்கிற சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது. அவர் சொன்னது நாலு டாக்டர்களிடம் பரவியது. பொழிச்சலூரில் நீ ஊசி எடுத்தால் கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் க்ளினிக்கை மூடினாய். மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து, "கடையில நிக்கட்டுமாம்மா?" என்று கேட்டாய்.

இதைச் சொல்லத்தான் எனக்கு அதிக அருவருப்பாக இருக்கிறது. நான் சந்தோஷப்பட்டேன். எனக்கு வயதாகிக்கொண்டிருந்தது, முட்டி வலி, கடைக்கு நம்பிக்கையான ஆள் இல்லை. படித்த பிள்ளை, மருந்துப் பெயரெல்லாம் தெரியும், கல்லாவில் கை வைக்கமாட்டான். பேசாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் கடைக்கு ஆள் கிடைக்கிறது. இந்த மூன்று வருஷம் நான் மறந்துபோய் இருந்துவிடவில்லை. எனக்குச் சௌகரியமாக இருந்தது.

சந்தேகம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் எனக்கு வழியில்லை. நீ கடைக்கு வந்த இரண்டாவது வாரம் எனக்கு மேல்கடைவாய்ப் பல் ஒன்று குடைச்சல் எடுத்தது. தாம்பரத்தில் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று பஸ் மாறிக் கேளம்பாக்கம் போனேன். முப்பது வருஷமாகப் பல் பிடுங்குகிற டாக்டர், நம்மிடம் பஞ்சும் கையுறையும் வாங்குகிறவர். அதே பெட்டியில் உனக்குக் கொடுத்ததுபோக மிஞ்சியிருந்த புட்டி ஒன்றைக் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். "நம்ம கடை மருந்துதான் சார், இதையே போடுங்க" என்றேன். தேதியைப் பார்த்துவிட்டுப் போட்டார். கன்னம் மரத்தது. ஆஹா, மருந்தில் குறை ஒன்றுமில்லை, உண்மையிலேயே அவன் கைதான் என்று, சொல்லவே கூசுகிறது, எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. குறடு பல்லைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டியிருப்பார். திடீரென்று எல்லாம் தெரிந்தது. எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் மண்டைக்குள். நான் கத்தின கத்தலில் வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து போய்விட்டார். டாக்டர் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "என்னம்மா இது, இந்த மருந்து செத்துப்போச்சு. யார் உங்க தலையில கட்டினது?" என்றார். வாய் நிறைய ரத்தத்தோடு, "யாரோ ஏஜென்ட் சார்" என்றேன். அவர் தன் மருந்தைப் போட்டார், அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. மீதிப் புட்டிகளை உடைத்துச் சாக்கடையில் ஊற்றினேன். வலித்தது ஒரு பல்லுக்கு, ஒரு நிமிஷம். அந்தப் பெண்ணைப்போல் நான் யார் கையையும் பிடித்துக்கொண்டு பொறுத்திருக்கவில்லை, கைகூப்பவும் இல்லை. வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தேன். நீ எதிரில் உட்கார்ந்து, "யார்கிட்டம்மா காட்டுன? என்கிட்ட சொல்லியிருந்தா…" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, எழுந்து போனாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ப்ரூஃப் வந்த மறுநாள் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒன் சரக்கப் பத்திக் கேக்கப் பயந்து நானும் அவன் கையத்தான் சந்தேகப்பட்டேன்" என்றார். அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. அதற்கடுத்த நாள் உங்கள் தலைவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், நின்றுகொண்டே சொன்னேன். அவர் முகம் சிவந்துபோனது. "மூணு வருஷம் கழிச்சு வந்து சொல்றீங்களே, இந்த மூணு வருஷத்துல அவன் எத்தனை பேருக்கு வலி தீர்த்திருப்பான்? நானும் ஒரு முட்டாள், புட்டியைத் திறந்து பார்க்காம புள்ளையப் பார்த்தேன்" என்றார். போகும்போது காபி வேண்டுமா என்று அவர் வீட்டம்மா கேட்டதற்கு, "வேண்டாம், அவங்க கிளம்பறாங்க" என்று அவரே பதில் சொன்னார். நியாயம்தான். வருகிற தை மாதம் மறுபடி அதே தேசத்துக்குப் போகிறார்களாம். உன்னைக் கேட்க அவருக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்பார். போவதும் போகாததும் உன் இஷ்டம். போனால் மருந்தை நீயே போய்ப் பார்த்து, பில் போட்டு, வெளியில் வாங்கு. நம் கடையில் வாங்காதே. ஓசியில் யார் எதைக் கொடுத்தாலும், கொடுக்கிறவன் முகத்தைப் பார்க்காதே, மூடியைத் திறந்து பார். உன் கண் ஒன்று சொல்லி, உனக்குப் பிரியமானவர்கள் வேறொன்று சொன்னால், கண்ணை நம்பு. நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். உன் தப்பு ஒன்று அதன் தலையில் விழுகிற மாதிரி இருந்தால் குறுக்கே போய் நில்.

மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். அதைக் கேட்டால் நீ கொடுத்துவிடுவாய். உன் சுபாவம் அது, அதை வைத்துத்தான் இத்தனை நாள் வியாபாரம் பண்ணினேன். இனிமேல் உன்னிடமிருந்து ஓசியில் எதுவும் வேண்டாம். உன் கையில் ஒரு குறையும் இல்லை, அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. நடுங்குகிறது என்றால், நான் நடுங்க வைத்தது. நீயே மெனக்கெட்டுத்தான் அதை நிறுத்தவேண்டும். அது உனக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கஷ்டமில்லாத இடமாக என் கடை உனக்கு இருக்கக் கூடாது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

திங்கட்கிழமை கடைக்கு வராதே. உன் இடத்துக்கு ஆள் எடுத்தாயிற்று.

அம்மா